கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்: சொன்னதை நம்பாமல் திறந்து பார்க்க ஓர் இடம்

சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்கிறவர்கள் எந்தத் தளம் பார்க்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது கம்பைலர் எக்ஸ்ப்ளோரர். இடப்பக்கம் கோடு (நிரல்) எழுத எழுத, கம்பைலர், அதாவது நிரலை பிராசஸருக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், அதை என்ன அசெம்பிளியாக (அந்தக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) மாற்றுகிறது என்று வலப்பக்கம் உடனே காட்டும். எந்த வரி எங்கே போனது என்று தெரிய இரண்டு பக்கமும் ஒரே நிறம் பூசியிருக்கும். காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். மேட் காட்போல்ட் 2012இல் இதைத் தொடங்கியதே ஒரு சந்தேகத்தால்தான்: மொழியின் 2011 பதிப்பான சி பிளஸ் பிளஸ் 11இல் வந்த புது மாதிரி ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி), வரிசை எண் வைத்து ஓடும் பழைய இண்டெக்ஸ் லூப் அளவுக்கு வேகமாக ஓடுமா? பேசிக்கொண்டிருக்காமல் பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த குணம் இன்றும் தளத்தில் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வேலையில் சேர்ந்தபோது, இரண்டால் பெருக்காதே, ஷிஃப்ட் போடு (பிட்களை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளு), அதுதான் வேகம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெருக்கலுக்கு பிராசஸர் கூடுதல் நேரம் எடுக்கும் என்ற காரணமும் நியாயமாகவே பட்டது, அதனால் பல வருடம் அப்படியே எழுதி, மற்றவர்கள் கோடையும் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு மாதிரியும் இங்கே எழுதி ஓ2 (கோடை வேகமாக்கச் சொல்லி கம்பைலருக்குக் கொடுக்கும் அமைப்பு) போட்டுப் பார்த்தால், இரண்டுக்கும் அதே ஒற்றைக் கட்டளை. படிக்கச் சிரமமான கோடு மட்டும்தான் இத்தனை நாள் மிச்சம்.

அப்புறம் 1 முதல் கொடுத்த எண் வரை கூட்டும் ஒரு சாதாரண லூப். எண் பெரிதானால் நேரமும் கூடும் என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறோம். கிளாங் என்ற கம்பைலரில் ஓ2 போட்டால் லூப்பே காணோம்! பள்ளியில் படித்த கூட்டல் சூத்திரத்தின் ஒரு வடிவத்தை, ஒரு பெருக்கலும் கொஞ்சம் ஷிஃப்ட்டும் கூட்டலுமாக, கம்பைலரே எழுதி வைத்திருக்கிறது. அதே கோடை ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் ஓ2வில் போடுங்கள், லூப் அப்படியே இருக்கும்.

ஆனால் வெறுமனே பார்த்தால் மட்டும் புரிந்துவிடாது. குறியில்லாத (நெகட்டிவ் ஆகாத) 32 பிட் முழு எண்ணை 3ஆல் வகுக்கச் சொன்னேன். வகுத்தல் கட்டளையே வரவில்லை, 2863311531 என்ற எண்ணால் பெருக்கி 33 இடம் வலப்பக்கம் தள்ளியிருந்தது. எங்கிருந்து வந்தது இந்த எண் என்று அரை நாள் முழித்தேன். அதை 3ஆல் பெருக்கினால் 8589934593, அதாவது 2இன் 33ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டியது. 33 இடம் வலப்பக்கம் தள்ளுவது 2இன் 33ஆம் அடுக்கால் வகுப்பதுதான், ஆக மொத்தத்தில் 3ஆல் வகுத்ததாகிறது. அது தெரிந்த பிறகுதான் திரையில் இருப்பது அர்த்தமானது, கணிதம் தெரியாதவருக்கு அது வெறும் எண். கண்ணால் பார்ப்பதும் கோட்பாட்டைப் படிப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாமல் போனது இந்த அரை நாளில்தான்.

குறை என்றால், இது வேகத்தை அளக்கும் கருவி அல்ல என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. கட்டளைகள் குறைந்தால் வேகம் கூடும் என்று எண்ணுவதும் இன்னொரு நம்பிக்கைதான். டேட்டா கேஷில் (பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய வேகமான நினைவகம்) இல்லாமல் மெமரி வரை போக வேண்டியிருந்தால் பத்து கட்டளை மிச்சம் பிடித்தும் பயனில்லை. அதற்கு உங்கள் கணினியில், உங்கள் டேட்டாவோடு ஓட்டி நேரம் எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, நீங்கள் எழுதுவது அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் கம்பைல் ஆகிறது, அதனால் கம்பெனி கோடை ஒட்டாதீர்கள். சந்தேகம் எதுவோ அதை மட்டும் ஏழெட்டு வரியாகச் சுருக்கி எழுதிப் போடுங்கள். கைபேசியில் திறக்கும், ஆனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க இடம் போதாது.

ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஓ0 (வேகமாக்காமல் அப்படியே மாற்றும் அமைப்பு) வைத்து ஒரு முறை, அதையே ஓ2 வைத்து ஒரு முறை பாருங்கள். கட்டளையின் மேல் மவுஸை வைத்தால் அது என்ன செய்யும் என்ற விளக்கமும் வரும், எனக்குப் பாதி அசெம்பிளி அப்படித்தான் பழகியது.