ஒரே ஆலையின் மூன்று கார்டுகள்

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். என்விடியா, ஏஎம்டி, இன்டெல், எதை வாங்கட்டும்?" மூன்றின் சிப்பும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில்தான் தயாராகிறது என்றதும் திகைத்தான். பிறகு ஏன் ஒன்று எங்கும் கிடைக்கிறது, இன்னொன்றைத் தேட வேண்டியிருக்கிறது?

நம் மாங்காய் மண்டியில் பெங்களூரா காயைக் கொட்டித் தரம் பிரிப்பதைப் பாருங்கள். காம்படியைப் புரட்டிப் பார்த்து, சுத்தமானதை ஒரு கூடையிலும் புள்ளி விழுந்ததைக் கூழ் ஆலைக்கான கூடையிலும் போடுவார்கள். சிப்பிலும் அதே கதைதான். 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டில் நுண்ணிய குறை விழுந்த துண்டு அப்படியே தேறாது. துண்டு பெரிதானால் இழப்பும் பெரிது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கார்டின் சிப் 181 சதுர மில்லிமீட்டர். ஒரு தட்டில் ஏறத்தாழ 340 வெட்டலாம். இன்டெல் ஆர்க் பி580-இன் சிப் 272. சுமார் 220-தான் வரும். ஆனாலும் இன்டெல் அறிவித்த விலை 249 டாலர், என்விடியாவுடையது 299. இன்டெல் குறைந்த லாபத்துக்குத்தான் விற்கிறது என்பது என் கணிப்பு.

குறையுள்ள துண்டையும் வீணாக்குவதில்லை. 5060-க்கு மேல்படியான 5060 டிஐ கார்டில் 4608 கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு பிரிவுகள். அதே சிப்பில் சிலவற்றை அணைத்து, 3840 கோர்களுடன் 5060 ஆகிறது.

2025-இல் தனி கிராபிக்ஸ் கார்டு சந்தையில் என்விடியாவின் பங்கு 90 சதவீதத்தைத் தாண்டியது. வேகம் மட்டும் காரணமல்ல. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் பல ஆண்டுகளாக அதன் கூடா (CUDA) என்ற நிரலாக்கத் தளத்துக்குப் பழகிவிட்டன. ஏஎம்டிக்கோ டிஎஸ்எம்சி தரும் தயாரிப்பு இடத்தில் அதன் கணினி, சர்வர் சிப்களும் பங்கு கேட்கின்றன.

விளையாட்டுக்கு என்றால் 16 ஜிபி நினைவகம் உள்ள ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யைத்தான் சொல்வேன். ஆனால் இவனுடைய கேமரா 4:2:2 10-பிட் ஹெச்இவிசி என்ற, நிற விவரம் அதிகமுள்ள சுருக்க வடிவில் வீடியோ பதிவு செய்கிறது. அதை இன்டெலும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையும் வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும், ஏஎம்டி காட்டாது. பி580-இன் 12 ஜிபி ஆசை காட்டியது. கேபினட்டைத் திறந்தால் ஆறாம் தலைமுறை ஐ5 என்ற பழைய பிராசசர்! கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் ஒரே நேரத்தில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் ஆர்க் கார்டு சோர்ந்துபோகும்.

மிஞ்சியது 5060. அதன் 8 ஜிபி 4கே டைம்லைனுக்குப் போதாது என்பதே என் கோபம். 5060 டிஐ-யின் 16 ஜிபி வகைக்குக் காசு சேர்க்கச் சொன்னேன்: அதே சிப், புள்ளி விழாத காய். தை முகூர்த்தங்கள் முடியும் வரை பழைய கார்டிலேயே ஓட்டுகிறான்.