பரீட்சையே இல்லாத மேனேஜர் படிப்பு: லெவல் 5 டிப்ளமோவும் என் 18 மாதமும்

இங்கிலாந்தில் கேர் ஹோமில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். முழுப்பெயர் 'லெவல் 5 டிப்ளமோ இன் லீடர்ஷிப் அண்ட் மேனேஜ்மென்ட் ஃபார் அடல்ட் கேர்'. நான் 42 படுக்கை உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் டெபுட்டி மேனேஜர். ஒரு வருடத்தில் முடியும் என்று சொல்லிச் சேர்த்தார்கள், 18 மாதம் ஆனது. படிப்புக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நடத்திய நிறுவனத்துக்கு ஒன்றரை, அதுவும் கடைசியாக வந்த அசெஸ்ஸர் (நம் வேலையை மதிப்பிடுபவர்) முகத்துக்காக.

முதல் விஷயம், இதில் பரீட்சை கிடையாது. போனில் சொன்னபோது அம்மா "பரீட்சை இல்லாம என்ன படிப்பு, காசு வாங்கிட்டு பேப்பர் குடுக்கிறானா?" என்றாள். நானும் சேரும்போது கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். பரீட்சை என்றால் கடைசி ராத்திரி கண் விழித்து மனப்பாடம் செய்து தப்பித்துவிடலாம், நமக்கு அது கைவந்த கலை. இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. நீங்கள் வேலையில் என்ன செய்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அசெஸ்ஸர் நேரில் வந்து பார்ப்பார், மணிக்கணக்கில் பேச வைத்து ரெக்கார்டு செய்வார், கூட வேலை செய்பவர்களிடம் எழுதி வாங்கச் சொல்வார், நீங்கள் போட்ட ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை), நடத்திய ஆடிட், எழுதிய சூப்பர்விஷன் (ஸ்டாஃபோடு தனியாக உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசுவது) குறிப்பு எல்லாம் ஆன்லைன் போர்ட்ஃபோலியோவில் ஏற வேண்டும். குறைந்தது 90 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரம் என்று கணக்கு, ஆக காகிதத்தில் 900 மணி நேரம். பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி நீங்கள் எப்படியும் செய்கிற வேலைதான். ஆனால் மீதி உங்கள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் போகும்.

இது யாருக்குத் தேவை? கேர் ஹோம்களைக் கண்காணிக்கிற சி.க்யூ.சி. அமைப்பிடம் ரெஜிஸ்டர்டு மேனேஜராகப் பதிய நினைப்பவர்களுக்கு. இந்த டிப்ளமோ இருந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் பெயர் சொல்லி எழுதவில்லை, தகுதியும் திறமையும் அனுபவமும் வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் எந்த வேலை விளம்பரத்தை எடுத்தாலும் 'லெவல் 5 இருக்க வேண்டும், அல்லது படித்துக்கொண்டிருக்க வேண்டும்' என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். நான் சொல்வது இங்கிலாந்துக்கு, வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் ஏற்பாடு வேறு. இன்னொன்று, நீங்கள் கேர் அசிஸ்டன்டாக மட்டும் இருந்தால் இப்போதே இதில் குதிக்காதீர்கள். ஆட்களை மேற்பார்க்கிற பொறுப்பு கையில் இல்லாவிட்டால் காட்டுவதற்கு ஆதாரமே இருக்காது, பாதியில் நின்று காசு போனதுதான் மிச்சம். எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் அப்படி நிற்கிறார்கள்.

சரி, நான்கு நட்சத்திரம் எதற்கு?

முதல் யூனிட்டுக்கு (பாடப்பகுதிக்கு) ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். எங்கள் ஹோமில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் ரெசிடென்டுகள் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தார்கள், சாப்பாட்டு நேரம் என்பதால் ஸ்டாஃப் எல்லாரும் டைனிங் ரூமில் இருப்பார்கள், காரிடாரில் ஆள் இருக்காது. பிரேக் நேரத்தை மாற்றி ஒருவரை அங்கே நிறுத்தியதும் விழுவது குறைந்தது. நாங்கள் கவனித்தோம், நாங்கள் பேசினோம், நாங்கள் மாற்றினோம் என்று பெருமையாக எழுதியிருந்தேன். அசெஸ்ஸர் ஒவ்வொரு 'வீ'யையும் (ஆங்கிலத்தில் 'நாங்கள்') மஞ்சளில் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார், எண்ணிப் பார்த்தால் 23. கீழே ஒரே கேள்வி: "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான், நான் என்று எழுதக் கை கூசியது, தன்னைத்தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இருந்தாலும் உட்கார்ந்து மாற்றினேன். பிரேக்கை மாற்றச் சொன்னது நான்தான், அதை எதிர்த்த சீனியரிடம் இரண்டு முறை உட்கார்ந்து பேசியதும் நான்தான், அதெல்லாம் அப்போதுதான் எழுத்தில் வந்தது.

ஆனால் இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தக் கேள்வியின் மறுபக்கம் குத்தியது. நைட் ஷிஃப்டில் இருக்கிற ஒருவருக்கு நான்கு மாதமாக சூப்பர்விஷன் நடக்கவில்லை. அதைப் பற்றி எழுதும்போது 'வேலைப்பளுவால் சூப்பர்விஷன் தள்ளிப்போனது' என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் போட்டேன். அது எப்படித் தானாகத் தள்ளிப்போகும்? தள்ளிப்போட்டது நான். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி வரச் சோம்பல், அவ்வளவுதான். நம் பேச்சே அப்படி, மருந்துச் சீட்டில் கையெழுத்து விட்டுப்போச்சு, கப் விழுந்துடுச்சு, லேட் ஆயிடுச்சு, செய்தவர் யாரும் இருக்கமாட்டார். பெருமை வரும்போது 'நான்' சொல்லக் கூச்சப்படுகிற அதே ஆள் தப்பு வரும்போதும் 'நான்' சொல்லாமல் நழுவிவிடுகிறார். அந்த வாக்கியத்தை அசெஸ்ஸர் சொல்லும் முன்னாலேயே நானே அழித்து எழுதினேன். கொடுத்த காசில் பாதி அந்த ஒரு வரியிலேயே வசூலாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நேரில் பார்க்க வந்த நாளைச் சொல்ல வேண்டும். மதியம் இரண்டு மணி ஹேண்ட்ஓவர், ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் விவரம் சொல்லி ஒப்படைக்கிற நேரம். அசெஸ்ஸர் மருந்து ட்ராலி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் முதல்நாளே எல்லாவற்றையும் குறித்துவைத்து, அறை அறையாக, தங்குதடையின்றி ஒப்பித்தேன். பிரமாதமாகச் செய்துவிட்டோம் என்று நினைப்பு. முடிந்ததும் அவர் நோட்டைப் பார்த்து, "20 நிமிடத்தில் 17 நிமிடம் நீங்களே பேசினீர்கள். ஜன்னலோரம் நின்ற பெண் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார், பார்த்தீர்களா?" என்றார். பார்க்கவில்லை. போய்க் கேட்டேன். "11ஆம் நம்பர் தாத்தாவுக்குக் குதிகால் சிவந்திருக்குக்கா, காலையில சாக்ஸ் மாட்டும்போது பார்த்தேன், நீங்க வேகமா அடுத்த ரூமுக்குப் போயிட்டீங்க" என்றாள். படுக்கைப்புண் தொடங்குவதற்கு அதுதான் முதல் அறிகுறி. அன்றே நர்ஸ் பார்த்தார், குதிகால் மெத்தையில் படாமல் காலைத் தூக்கிவைத்தோம், ஆறிவிட்டது.

தியரி பகுதி சுமார். குழு எப்படி உருவாகிறது என்று டக்மன் 1965இல் சொன்ன நான்கு கட்டம், நடந்ததைத் திரும்பிப் பார்த்து யோசிக்க கிப்ஸ் 1988இல் வரைந்த ஆறு படி வட்டம், இன்னும் மூன்று நான்கு வட்டங்களும் முக்கோணங்களும். கிப்ஸ் வட்டம் மட்டும் உருப்படியாக உதவியது, ஏனென்றால் நடந்ததைச் சொன்ன கையோடு 'அப்போது உனக்கு எப்படி இருந்தது' என்று கேட்கிறது. மற்றவை எல்லாம் கட்டுரையில் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டுப் போகும்.

சட்டப் பகுதி அப்படி இல்லை, அதை ஊன்றிப் படியுங்கள். 2005 மெண்டல் கபாசிட்டி சட்டத்தின்படி, ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அசட்டுத்தனமான முடிவு எடுக்கிறார் என்பதற்காகவே திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. படிக்கச் சுலபம். சர்க்கரை வியாதி உள்ள ஒரு பாட்டி, புத்தி தெளிவாக, மூன்றாவது கஸ்டர்ட் க்ரீம் பிஸ்கட்டுக்குக் கை நீட்டும்போதுதான் கஷ்டம். நம் ஊரில் தட்டை நகர்த்தி வைத்தால் அதற்குப் பாசம் என்று பெயர். இங்கே அது உரிமைப் பிரச்சினை. அந்த யூனிட்டில் என் வீட்டுப் பழக்கத்தோடேயே நான் சண்டை போட வேண்டியிருந்தது, இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மை.

இனி புகார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 18 மாதத்தில் மூன்று அசெஸ்ஸர் மாறினார்கள். இரண்டாமவர் வேலையை விட்டுப் போனதை யாரும் சொல்லவில்லை, ஐந்து வாரம் நான் அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். புதியவர் வந்து, பழையவர் பாஸ் செய்த இரண்டு யூனிட்டை மறுபடி எழுதச் சொன்னார் (அவர் சொன்னது சரிதான் என்பது வேறு விஷயம்). போன் பண்ணிச் சேர்க்கிறவரை தினம் பேசியவர்கள், 1,450 பவுண்டு போனதும் ஈமெயிலுக்குக் கூடப் பதில் போடவில்லை. முடித்த பிறகு உள் தரச் சரிபார்ப்புக்கு இன்னொரு ஏழு வாரம். ஒருமுறை முழு யூனிட்டையும் நிராகரித்தார்கள், காரணம் ஒரு கேர் பிளான் பக்கத்தில் ரெசிடென்டின் பெயரை நான் மறைக்காமல் ஏற்றிவிட்டேன். அது என் தப்பு. நீங்கள் செய்யாதீர்கள், ஸ்கேன் பண்ணும் முன்னாலேயே கறுப்பு மார்க்கரை எடுத்துவிடுங்கள்.

சேரும் முன் எந்த நிறுவனமாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: என் அசெஸ்ஸர் கேர் ஹோமில் வேலை பார்த்தவரா, ஒரு கட்டுரையைத் திருத்தித் தர எத்தனை நாள், அசெஸ்ஸர் மாறினால் யார் எனக்குச் சொல்வார்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், 20, 30 பவுண்டுக்கு 'லெவல் 5 டிப்ளமோ' என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதை வாங்கி ஏமாறாதீர்கள். பெயர் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், ஆனால் பல அங்கீகாரம் இல்லாத வெறும் பயிற்சிச் சான்றிதழ். படிப்புத் தகுதிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஆஃப்குவாலின் பதிவேட்டை இலவசமாகவே பார்க்கலாம், அதில் படிப்பின் எண்ணும் சிட்டி அண்ட் கில்ட்ஸ், பியர்சன் மாதிரி சான்றிதழ் தரும் அமைப்பின் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பணத்துக்கு, முதலில் உங்கள் ஹோமிடம் கேளுங்கள், ஸ்டாஃப் படிப்புச் செலவைத் திரும்பப் பெற முதலாளிகளுக்கு அரசுத் திட்டம் இருக்கிறது, பல பேர் அதைத் தேடிப் பார்ப்பதே இல்லை. 'படித்து முடித்ததும் இத்தனை மாதத்துக்குள் போனால் காசைத் திருப்பித் தர வேண்டும்' என்று கையெழுத்து வாங்குவார்கள், அந்த மாதக் கணக்கைப் படித்துவிட்டுப் போடுங்கள். அட்வான்ஸ்டு லெர்னர் லோன் என்று 19 வயது நிரம்பியவர்களுக்கு ஒன்று உண்டு, ஆனால் கேர் விசாவில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. சம்பளம் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு, எனக்கு இதுவரை ஒரு பைசா ஏறவில்லை. அடுத்த மாதம் பக்கத்து டவுனில் மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ இருக்கிறது, போய் வந்து சொல்கிறேன்.