ஜப்பானின் கந்தகம்: மலையா, புகையா, எண்ணெயா?

எரிமலைகள் நிறைந்த ஜப்பானில் இன்று கந்தகத்துக்காக யாரும் மலையைத் தோண்டுவதில்லை. ஆனாலும் கந்தகத்தை ஏற்றுமதி செய்யும் நாடு அது. கந்தகம் பெற அந்த நாடு கையாண்ட மூன்று வழிகளில் எது நல்லது என்று கேட்டால், தரத்தையும் விலையையும் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆலையோ சுரங்கமோ மூடிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் வழி சுரங்கம். இவாத்தே மாநிலத்தின் மட்சுவோ சுரங்கம் 1914-இல் தொடங்கி, கிழக்காசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. சுமார் 900 மீட்டர் உயரத்தில், 1950-களிலேயே வெப்பமூட்டும் வசதியோடு கான்கிரீட் அடுக்குமாடி வீடுகள். 'மேகத்துக்கு மேலே ஒரு சொர்க்கம்' என்றார்கள். 1970-களின் தொடக்கத்துக்குள் எல்லாம் முடிந்தது, ஊர் காலியானது. ஆனால் தாதுவில் கந்தகத்தோடு இரும்பு சல்ஃபைடும் இருந்ததால், காற்றும் நீரும் பட்டு அமிலம் ஊறிக்கொண்டே இருக்கிறது. அந்த நீர் கிட்டகாமி ஆற்றைக் கெடுக்காமலிருக்க, 1980-களின் தொடக்கத்திலிருந்து ஒரு நிலையம் இரவும் பகலும் ஓடுகிறது. நுண்ணுயிரிகள் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்ய, சுண்ணாம்புக்கல் தூள் அமிலத்தை முறிக்கிறது. செலவு பொதுப்பணம். சுரங்கம் இயங்கிய காலத்தைவிட அதைக் காவல் காக்கும் காலம் நீளப்போகிறது. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

இரண்டாவது, உருக்காலைப் புகை. ஷிகோக்கு தீவிலுள்ள பெஸ்ஷி சுரங்கத்தின் செம்புத் தாதுவை உருக்கியபோது வெளியேறிய கந்தக டை ஆக்சைடு, பக்கத்து நீஹாமா ஊர் விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. உருக்காலையை ஷிசாக்கா தீவுகளுக்கு மாற்றி 1905-இல் இயக்கினார்கள். புகை கடல் தாண்டி இன்னும் அகலமாகப் பரவியதுதான் மிச்சம். அப்புறம்தான் அந்தக் கந்தகத்தையே அமிலமாக்கி உரம் செய்யலாம் என்று இறங்கினார்கள். சுமிட்டோமோ கெமிக்கல் நிறுவனம் 1913-இல் பிறந்தது இப்படித்தான். இதில் ஒரு குறை உண்டு. கிடைப்பது திடக் கந்தகம் அல்ல, அமிலம். அதைக் குவித்து வைக்க முடியாது; பக்கத்திலேயே வாங்க ஆள் வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய். கச்சா எண்ணெயின் கந்தகத்தை ஹைட்ரஜன் சேர்த்து ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் பிரிப்பார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை எரித்து, உண்டாகும் வாயுவை மீதியோடு வினைபுரிய விட்டால் தூய கந்தகம் வந்துவிடும். 1883-இல் கிளாஸ் என்ற வேதியியலாளர் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது இது. ஜப்பானை இதன் பக்கம் தள்ளியதில், யொக்காய்ச்சி நகரில் எண்ணெய் ஆலைகளின் கந்தகப் புகையால் பரவிய 'யொக்காய்ச்சி ஆஸ்துமா'வுக்குப் பெரிய பங்கு உண்டு. 1968-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1972-இல் நீதிமன்றம் நோயாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. எப்படியும் எடுத்தே ஆக வேண்டிய கந்தகம் என்பதால் விலையில் இதோடு எந்தச் சுரங்கமும் போட்டியிட முடியவில்லை. மட்சுவோவின் கதையை முடித்ததும் இதுதான்.

சரி, என் ஓட்டு எதற்கு? இன்றைக்கு எண்ணெய்க்குத்தான். ஆனால் பெட்ரோல் தேவை குறையக் குறைய இந்தக் கந்தகமும் குறையும். மின்வண்டிகளுக்குச் செம்பு கூடுதலாக வேண்டும் என்பதால், அடுத்த இடத்தில் நான் வைப்பது உருக்காலைப் புகையைத்தான், மறுபடி மலையை அல்ல.