நொச்சியா, முடக்கத்தானா, மஞ்சளா? மூட்டு வீக்கத்துக்கு ஒரு ஒப்பீடு

அம்மா குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 26 ஆண்டுகள் பால் வெட்டியவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி, ஒரு நாளைக்கு முந்நூறு மரம். ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர வேண்டும். இப்போது வலது முழங்கால் மழைக்காலத்தில் வீங்கிவிடுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் அந்த மழைக்காலமும் சீக்கிரம் முடிவதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா நொச்சி இலையை வதக்கிக் கட்டச் சொன்னார். சித்தி முடக்கத்தான் ரசம் வைக்கச் சொன்னார். தம்பி நாகர்கோவிலிலிருந்து மஞ்சள் கேப்ஸ்யூல் வாங்கி வந்தான். மூவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். மூன்றையும் ஒன்றாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எது என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு விஷயம். ஒரு மூலிகை "வீக்கத்தைக் குறைக்கும்" என்று ஆய்வில் எழுதியிருந்தால், பெரும்பாலும் அது எலியின் பாதத்தில் நடந்த சோதனை. காரஜீனன் என்ற பொருளைச் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிறார்கள். அதைப் பின்னங்கால் பாதத்தில் ஊசியாகப் போட்டால் சில மணி நேரத்தில் வீக்கம் ஏறும். முதலில் ஹிஸ்டமின், அப்புறம் புரோஸ்டாகிளாண்டின் என்று உடலே சுரக்கும் பொருள்களால் அது கட்டம் கட்டமாக வரும். மூலிகைச் சாறு அதை எவ்வளவு தணிக்கிறது என்று அளந்து, இண்டோமெதசின் போன்ற வலி, வீக்க மாத்திரையோடு ஒப்பிடுவார்கள். 1962 முதல் நடைமுறையில் உள்ள முறை இது. ஆனால் ஒரு நாளில் ஏறி இறங்கும் எலிப்பாத வீக்கமும், இருபது வருடம் தேய்ந்த முழங்காலும் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மூன்றையும் பார்க்க வேண்டும்.

நொச்சி நம் ஊரில் தேடிப் போக வேண்டிய செடியே அல்ல. கால்வாய்க் கரையிலும் வேலி ஓரத்திலும் நிற்கிறது. 2003இல் இலங்கை ஆய்வாளர்கள் முற்றிய பச்சை நொச்சி இலையைத் தண்ணீரில் காய்ச்சி, அந்தச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறைந்தது, வலி தாங்கும் திறன் கூடியது, ஹிஸ்டமினை எதிர்க்கும் தன்மையும் தெரிந்தது. எனக்கு இதில் பிடித்தது "தண்ணீரில் காய்ச்சிய பச்சை இலை" என்பதுதான். பாட்டி அடுப்பில் வைத்ததும் அதேதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஆய்வில் எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். நாம் வெளியே ஒத்தடம் கொடுக்கிறோம், வேது பிடிக்கிறோம். அப்படிச் செய்யும்போது கிடைக்கும் சுகத்தில் ஒரு பங்கு சூட்டுக்கே உரியது. மீதியில் இலையின் வாசனை எண்ணெய்க்குப் பங்கு இருக்கலாம். அதில் உள்ள பீட்டா காரியோஃபிலின் நம் மாறாமலைக் கிராம்பிலும் மிளகிலும் உள்ள பொருள்தான். இந்த எண்ணெய் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் காய்ச்சும்போது பாத்திரத்தை மூட வேண்டும், இலையை வெயிலில் காயப்போடக் கூடாது. பொடியாக்கிப் பாக்கெட்டில் விற்பதைவிட வேலியோர இலை எவ்வளவோ மேல்.

முடக்கத்தானின் பெயரே சிபாரிசுக் கடிதம்: முடக்கு அறுத்தான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், உழிஞ்ஞ என்பார்கள்; அவர்கள் புனிதமாகக் கருதும் பத்துச் செடிகளான தசபுஷ்பத்தில் ஒன்று. பழந்தமிழர் கோட்டையை முற்றுகையிடப் போகும்போது சூடிய உழிஞை இந்தக் கொடிதான் என்பது மரபு. உள்ளே நின்று மதிலைக் காத்தவர்கள் சூடியது நொச்சி. எதிரெதிரே நின்ற இரண்டு பூக்களும் இன்று அம்மாவின் ஒரே முழங்காலுக்குப் போட்டி போடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆய்வு என்று பார்த்தால் இதற்கும் பலம் உண்டு. 2009இல் திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று முக்கியமானது. முடக்கத்தானின் எத்தனால் சாறு, நோய் எதிர்ப்பு அணுக்களில் காக்ஸ்-2, டிஎன்எஃப்-ஆல்ஃபா ஆகிய அழற்சிச் சமிக்ஞைகளை அடக்கியது. டைக்ளோஃபெனாக் மாத்திரை கைவைக்கும் இடங்களில் காக்ஸ்-2வும் ஒன்று. ஆனால் அங்கே வேலை செய்தது எத்தனாலில் எடுத்த சாறு, அதுவும் கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களில். இந்தக் கொடியில் உள்ள எபிஜெனின் போன்ற பொருள் தண்ணீரில் லேசில் கரையாது. ஆகவே அந்த ஆய்வைக் காட்டி ரசத்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. தோசை மாவில் அரைத்துச் சேர்த்தால் இலை முழுதாக வயிற்றுக்குள் போகும். அந்த வகையில் ரசத்தைவிடத் தோசையே எனக்குச் சரியாகப் படுகிறது. அளவு மீறினால் வயிறு இளகிவிடும். சித்தி ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு அனுபவித்தது அது.

மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்தது எது என்று கேட்டால் மஞ்சள் தனியே முன்னால் நிற்கிறது. 2014இல் தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் 4 வாரம் நடந்த ஆய்வு அது. தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபெனுக்குச் சளைக்கவில்லை. வயிற்று வலித் தொல்லையும் குறைவு. ஆனால் அது குழம்பு மஞ்சள் அல்ல. மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமின், மஞ்சள் தூளில் சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டியில் நூறு மில்லிகிராம் தேறினால் பெரிது, அதிலும் உடலில் ஏறுவது சொற்பம். மிளகின் பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு ஏறும் என்பதை 1998இல் பெங்களூர் ஆய்வு காட்டியது. அப்படி ஏற்றிக் கொடுக்கும் கேப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பிறகு பதிவானது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அம்மா அந்த மாத்திரை எடுக்கிறார். தம்பியின் டப்பாவை அன்றே எடுத்து வைத்துவிட்டேன்.

நான்காவதாக ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு சந்தையில் "சுத்த மூலிகை" என்று லேபிள் இல்லாமல் விற்ற உருண்டையை வாங்கினோம். மூன்றே நாளில் வலி போனது. இரண்டு மாதத்தில் அம்மாவின் முகம் உப்பியது. டாக்டர் பார்த்ததும் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். அதையும் பட்டென்று நிறுத்த முடியாமல் அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டோம். இலை எதுவும் மூன்று நாளில் மாயம் செய்யாது. செய்தால் அதில் இலை மட்டும் இல்லை.

என் முடிவு இது. வெளியே நொச்சி, தாராளமாக. முடக்கத்தான் வாரம் இரண்டு நாள், மருந்தாக அல்ல, உணவாக. மஞ்சள் கேப்ஸ்யூலுக்குச் சான்று அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறு மாத்திரை எதுவும் எடுக்காத, கல்லீரல் நன்றாக உள்ள ஒருவருக்கு டாக்டர் சரி என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். அம்மாவுக்கு அது பொருந்தாது.

ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் வந்தால் இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி நாள்பட்ட வலிக்கு முறையாகக் கேட்டுச் செய்ய நினைப்பவர்களுக்குக் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொண்டிருக்கும் இங்கிலீஷ் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

அம்மா இப்போது இரவு தூங்குமுன் நொச்சி ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார். காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார், ஆனால் முன்பு போல ஒவ்வொரு படியிலும் நிற்பதில்லை.