கிட்ஹப் ஆக்ஷன்ஸ்: பச்சை டிக்கை எவ்வளவு நம்பலாம்?

ஒவ்வொரு கோட் மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சேவை கிட்ஹப் ஆக்ஷன்ஸ்; சோதனை தேறினால் பச்சை டிக், விழுந்தால் சிவப்பு. பொது ரெப்போ (எல்லோரும் பார்க்கக்கூடிய கோட் களஞ்சியம்) வைத்திருக்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களிடம் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் நிமிடக் கணக்குப் பார்ப்பதில்லை. 4 கோர், 16 ஜிபி ரேம் கொண்ட லினக்ஸ், விண்டோஸ் ரன்னர்கள் (சோதனை ஓடும் கணினிகள்), அவற்றைவிடச் சிறிய மேக் ரன்னர்கள், ஒரு ஜாப்புக்கு (ஒரு ரன்னரில் ஓடும் வேலைத் தொகுப்புக்கு) 6 மணி நேரம் வரை அவகாசம் எல்லாம் இலவசம். 2019 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இந்தச் சேவை, அதுவரை இலவச சிஐ (கன்டினியுவஸ் இன்டக்ரேஷன், இப்படித் தானாகச் சோதிக்கும் முறை) என்றாலே நினைவுக்கு வந்த டிராவிஸ் சிஐயின் இடத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. டிராவிஸ் 2020 நவம்பரில் கிரெடிட் முறைக்கு மாறியதும், 2021-இல் தன் பழைய தளத்தை மூடியதும் அதற்கு உதவின.

வசதிக்குக் குறைவில்லை. சிஐ பற்றிய புலம்பல்கள் பெரும்பாலும் சிவப்பைப் பற்றியவை: காரணமில்லாமல் விழும் டெஸ்ட், வரிசையில் காத்துக்கிடக்கும் ஜாப், இன்று வேலை செய்து நாளை செய்யாத ரன்னர். சிவப்பு எரிச்சலூட்டும்தான், ஆனால் கண்ணில் படும், யாராவது திருத்துவார்கள். இந்தச் சேவையின் மோசமான குறை வேறு. டெஸ்ட் விழுந்தாலும், டெஸ்ட்டே ஓடாவிட்டாலும் பச்சை காட்டும் வழிகள் இதில் பல உள்ளன. கவனமாகக் கட்டமைப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். மாதிரிக் கோப்பை நகலெடுத்து ஒட்டிவிட்டு மறந்துவிடுபவர்களுக்கு அல்ல.

முதல் உதாரணம் பைப், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாய். கட்டளைகளை இயக்கும் ஷெல் எது என்று யாமல் கோப்பில் (என்னென்ன ஓட வேண்டும் என்று எழுதும் கட்டமைப்புக் கோப்பில்) சொல்லாவிட்டால், லினக்ஸிலும் மேக்கிலும் ரன்னர் பாஷ் ஷெல்லை ‘-இ’ கொடியுடன் (கட்டளை விழுந்தால் நிறுத்து) மட்டும் ஓட்டும்; பைப்பின் நடுவில் விழுவதையும் தோல்வியாகக் கணக்கிடும் பைப்ஃபெயில் இருக்காது. பைதான் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டின் வெளியீட்டை டீ கட்டளைக்கு அனுப்பி லாக் கோப்பில் சேமிக்கிறோம் என்று வையுங்கள். பத்து டெஸ்ட் விழுந்தாலும் பைப்பின் கடைசியில் இருக்கும் டீ வெற்றியோடு முடிகிறது, அந்தப் படியும் பச்சையாகிறது. ஷெல் வரியில் பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால் அதே ரன்னர் பைப்ஃபெயிலையும் சேர்த்து ஓட்டுகிறது. ஒரே சொல்லை எழுதுவதா விடுவதா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருப்பது ஆவணத்தில் இருக்கிறது, ஆனால் தேடிப் போனால்தான் கிடைக்கும். ஒவ்வொரு வொர்க்ஃப்ளோவின் (ஒரு யாமல் கோப்பில் உள்ள ஜாப்களின் தொகுப்பின்) மேலேயும் டிஃபால்ட்ஸ் பகுதியில் ஷெல்லை பாஷ் என்று ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. விண்டோஸ் ஜாப்பும் பவர்ஷெல்லுக்குப் பதில் அதே பாஷில் ஓடும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. பிராஞ்ச் பாதுகாப்பில் (சோதனை தேறாத மாற்றம் முதன்மைக் கிளையில் சேராமல் தடுக்கும் அமைப்பில்) ‘கட்டாயம்’ என்று குறித்த ஜாப் ஏதாவது நிபந்தனையால் தவிர்க்கப்பட்டால், கிட்ஹப் அதை வெற்றி என்றே கணக்கிடும். தேர்வுக்கே வராத மாணவனுக்குத் தேர்ச்சி போடுவது போல. மேட்ரிக்ஸில் (ஒரே சோதனையைப் பல இயங்குதளம், பதிப்புகளில் ஓட்டும் பட்டியலில்) இருபது ஜாப்களைத் தனித்தனியே கட்டாயமாக்குவது தொல்லை என்பதால், பல திட்டங்கள் கடைசியில் ‘எல்லாம் முடிந்தது’ என்ற ஒரே ஜாப்பை வைத்து, மற்றவற்றை அதன் நீட்ஸ் பட்டியலில் (முதலில் முடிய வேண்டியவற்றின் பட்டியலில்) சேர்த்து, அதை மட்டும் கட்டாயமாக்குகின்றன. யோசனை சரிதான். ஆனால் நீட்ஸில் உள்ள ஒரு ஜாப் விழுந்தால் இந்தக் கடைசி ஜாப் ஓடாது; தவிர்க்கப்படும். தவிர்க்கப்பட்டது வெற்றி. ஆக, டெஸ்ட் விழுந்த புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) அதைச் சேர்க்கும் மெர்ஜ் பொத்தான் திறந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய அந்தக் கடைசி ஜாப்பின் இஃப் வரியில் ஆல்வேஸ் போட வேண்டும். அப்போது அது எந்த நிலையிலும் ஓடும். ஓடினால் மட்டும் போதாது: உள்ளே நீட்ஸில் உள்ள ஒவ்வொரு ஜாப்பின் முடிவையும் பார்த்து, ஒன்றாவது ‘சக்சஸ்’ அல்லாமல் இருந்தால் பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும். இதில் எந்த ஜாப்பையாவது தவிர்க்க அனுமதிக்கலாம் என்றால் அதைப் பெயர் சொல்லி அனுமதியுங்கள். பொதுவாக ‘விழவில்லை என்றால் சரி’ என்று எழுதினால் ஓட்டை திரும்ப வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், வொர்க்ஃப்ளோ முழுவதையும் பாத் ஃபில்டரால் (குறித்த கோப்புகள் மாறினால் மட்டும் ஓடு என்ற விதியால்) தவிர்த்தால் நேர் எதிராக நடக்கும். ஆவணக் கோப்பை மட்டும் திருத்திய புல் ரிக்வெஸ்ட்டில் கட்டாயச் சோதனை ‘காத்திருக்கிறது’ என்ற நிலையிலேயே நின்றுவிடும், மெர்ஜ் செய்ய முடியாது. ஜாப்பைத் தவிர்த்தால் வெற்றி, வொர்க்ஃப்ளோவைத் தவிர்த்தால் முடிவே இல்லை. இரண்டையும் ஒரே குழுதான் வடிவமைத்ததா என்று சந்தேகம் வரும். கட்டாயமாக்கிய வொர்க்ஃப்ளோவில் பாத் ஃபில்டர் வைக்காதீர்கள். எந்தக் கோப்பு மாறியது என்பதை முதல் ஜாப்பில் கண்டுபிடித்து, மற்ற ஜாப்களுக்கு இஃப் நிபந்தனை போடுங்கள்.

மூன்றாவது வகை, சத்தமில்லாமல் நின்றுபோவது. இரவுதோறும் ஓடும்படி நேரம் குறித்த வொர்க்ஃப்ளோ, பொது ரெப்போவில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லாவிட்டால் தானாக முடக்கப்படும். சார்ந்திருக்கும் நூலகம் ஒன்று மாறி நம் திட்டம் உடைவதைக் கண்டுபிடிக்கத்தான் இரவுச் சோதனை. கமிட் (பதிவு செய்த மாற்றம்) வராத, முதிர்ந்த, சின்னத் திட்டத்துக்குத்தான் அது அதிகம் தேவை. அங்கேதான் அது அணைகிறது. மணியடிக்கும் சரியான நேரத்தில் குறித்தால் கூட்டம் அதிகம், ஓட்டம் தாமதமாகலாம், சில நேரம் விட்டே போகலாம். 00-வது நிமிடத்துக்குப் பதில் 17, 43 என்று எதையாவது வையுங்கள்.

சிவப்புக்கு வருவோம். ‘என் கணினியில் டெஸ்ட் ஓடுகிறது, சிஐயில் விழுகிறது’ என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது, சிஐ எந்தக் கோடை எடுத்தது என்பது. புல் ரிக்வெஸ்ட் நிகழ்வில், கோடை ரன்னருக்கு இறக்கும் செக்கவுட் எடுப்பது உங்கள் பிராஞ்சின் தலையை (கடைசிக் கமிட்டை) அல்ல. அதையும் முதன்மைக் கிளையான மெயினையும் சேர்த்து கிட்ஹப் தற்காலிகமாக உருவாக்கிய மெர்ஜ் கமிட்டை. மெயினில் வேறொருவர் உடைத்தது உங்கள் கணக்கில் விழும். கிட் ஃபெட்ச்சில் ‘புல்’, புல் ரிக்வெஸ்ட்டின் எண், ‘மெர்ஜ்’ என்ற மூன்றையும் சாய்கோட்டால் இணைத்துக் கேட்டால் அதே கமிட் உங்கள் கணினிக்கு வரும். மெயின் சரியான பிறகு ‘மீண்டும் ஓட்டு’ பொத்தானை அழுத்துவதில் பயனில்லை. அது பழைய கமிட்டையே ஓட்டும். உங்கள் பிராஞ்சைப் புதிய மெயினின் மேல் ரீபேஸ் செய்து புஷ் செய்ய வேண்டும். இரு பக்க மாற்றங்களும் மோதும் கான்ஃப்ளிக்ட் இருந்தாலோ மெர்ஜ் கமிட்டே உருவாகாது, வொர்க்ஃப்ளோவும் தொடங்காது. பங்களிப்பாளர் ‘சிஐ ஏன் ஓடவில்லை’ என்று கேட்டால் பெரும்பாலும் இதுதான், அல்லது முதல்முறை பங்களிப்பவருக்குப் பராமரிப்பாளர் ஒப்புதல் தர வேண்டும் என்ற விதி. ரன்னர்களில் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களால் 2021-இல் வந்த விதி அது.

செக்கவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும், பதிப்புகளைக் குறிக்கும் டேக்குகள் வராது. கிட் டேக்கிலிருந்து பதிப்பு எண் எடுக்கும் கருவிகள் அப்போது உளறும் அல்லது விழும். ஃபெட்ச்-டெப்த்தை 0 ஆக்கினால் முழு வரலாறும் வரும். விண்டோஸ் ரன்னரில் கிட் வரி முடிவுகளை மாற்றிவிடுவதால், எதிர்பார்த்த வெளியீட்டைக் கோப்போடு ஒப்பிடும் டெஸ்ட்கள் அங்கே மட்டும் விழும்; ரெப்போவில் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு போட்டால் தீரும். பைதான் பதிப்புப் பட்டியலில் 3.10 என்பதை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் யாமல் அதை எண்ணாக எடுத்து 3.1 ஆக்கும். ‘லேட்டஸ்ட்’ என்ற ரன்னர் பெயர் எப்போது வேண்டுமானாலும் இடம் மாறும்: 2024-இல் மேக் லேட்டஸ்ட் ஆர்ம் சில்லுக்கு மாறியபோது, அதற்குக் கட்டப்படாத பழைய பைதான் பதிப்புகள் அப்படியே சிவந்தன. பதிப்பைப் பெயரிலேயே எழுதி, மாற்றும் நாளை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிழை தேடும் சுழற்சிதான் நேரத்தைத் தின்கிறது. ஒரு வரி மாற்று, கமிட், புஷ், காத்திரு, லாக்கைப் படி, திரும்ப முதலிலிருந்து. ‘சிஐ திருத்தம்’, ‘மறுபடி சிஐ திருத்தம்’ என்று கமிட் வரலாறு நீளாத திட்டம் அரிது. ஆக்ட் என்ற கருவி வொர்க்ஃப்ளோவை உங்கள் கணினியிலேயே டாக்கரில் (மென்பொருளைத் தனித்த சூழலில் ஓட்டும் கருவியில்) ஓட்டும். ஆனால் அதன் இமேஜில் அசல் ரன்னரில் உள்ள மென்பொருள்கள் எல்லாம் இருக்காது, விண்டோஸ், மேக் சூழலும் கிடைக்காது. தொடரமைப்புப் பிழைகளுக்கு உதவும், சூழல் பிழைகளுக்கு அல்ல. வொர்க்ஃப்ளோ கோப்பைச் சரிபார்க்கும் ஆக்ஷன்லின்ட் அதைவிடப் பயனுள்ளது: தவறான சாவி, இல்லாத வெளியீட்டைக் குறிக்கும் எக்ஸ்பிரஷன் ஆகியவற்றைப் புஷ் செய்வதற்கு முன்பே சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, யாமலில் தர்க்கம் எழுதாதீர்கள். யாமல் ரன்னரைத் தேர்ந்தெடுத்து, கருவிகளை நிறுவி, ஒரே ஒரு மேக்ஃபைல் இலக்கையோ நாக்ஸ் அமர்வையோ (இரண்டும் பல கட்டளைகளை ஒரே பெயரில் தொகுப்பவை) அழைக்கட்டும். அதே கட்டளையைப் பங்களிப்பாளரும் தன் கணினியில் ஓட்டலாம். சேவை மாற வேண்டி வந்தால் மாற்ற வேண்டியதும் குறைவு.

இலவசக் கணக்கில் ஒரே நேரத்தில் 20 ஜாப்கள், அதில் மேக் 5. மூன்று இயங்குதளம், ஐந்து பைதான் பதிப்பு என்றால் 15 ஜாப்கள், மேக் ஒதுக்கீடு முழுவதும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் தீர்ந்துவிடும். இந்த வரம்பு ரெப்போவுக்கு அல்ல, கணக்குக்கு. ஒரே அமைப்பின் கீழ் உள்ள திட்டங்கள் ஒன்றையொன்று காக்க வைக்கும். மேக்கிலும் விண்டோஸிலும் மிகப் பழைய, மிகப் புதிய பதிப்புகளை மட்டும் ஓட்டுங்கள். கன்கரன்சி குழு (ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடலாம் என்ற அமைப்பு) வைத்து, புதிய புஷ் வந்ததும் பழைய ஓட்டத்தை ரத்து செய்யுங்கள், மெயினில் மட்டும் வேண்டாம். ஃபெயில்-ஃபாஸ்ட் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். ஒன்று விழுந்ததும் மேட்ரிக்ஸின் மற்றவை ரத்தாகி, பிரச்சினை விண்டோஸில் மட்டுமா எல்லாவற்றிலுமா என்று தெரியாமல் போகும். அணைத்துவிடுங்கள். டைம்அவுட்டையும் குறையுங்கள்: டெட்லாக் ஆகி உறைந்துபோன டெஸ்ட் 360 நிமிடம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இறக்கியவற்றையும் பில்ட் செய்தவற்றையும் அடுத்த ஓட்டத்துக்குச் சேமித்து வைக்கும் கேஷ், ரெப்போவுக்கு இலவசமாக 10 ஜிபி. 7 நாள் தொடப்படாதது அழியும். ஒரு பிராஞ்சில் சேமித்தது பக்கத்துப் பிராஞ்சுக்குத் தெரியாது, மெயினில் சேமித்தது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டும் தன் கேஷைச் சேமித்தால், ரஸ்ட் போன்ற பெரிய பில்டுகள் பொதுவான கேஷை வெளியே தள்ளிவிடும். மெயினில் மட்டும் சேமியுங்கள், மற்ற இடங்களில் மீட்டெடுத்தால் போதும்.

பாதுகாப்பில் இந்தச் சேவை கொடுக்கும் கயிறு நீளமானது. ஃபோர்க்கிலிருந்து (பிறர் எடுத்து வைத்திருக்கும் ரெப்போ நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு கடவுச்சொல் போன்ற சீக்ரெட்கள் போகாது, ரெப்போவை அணுகத் தரப்படும் டோக்கன் படிக்க மட்டும்தான். இது சரியான வடிவமைப்பு. ஆனால் கவரேஜ் கமென்ட் (டெஸ்ட் எவ்வளவு கோடைத் தொட்டது என்ற குறிப்பு) போட முடியவில்லை என்று பலர் புல் ரிக்வெஸ்ட் டார்கெட் நிகழ்வுக்கு மாறுகிறார்கள். அது சீக்ரெட்களோடு ஓடும். அதில் ஃபோர்க்கின் கோடை செக்கவுட் செய்து பில்ட் செய்தால், முன்பின் தெரியாதவருக்குச் சாவியைக் கொடுத்தாயிற்று. புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பையோ பிராஞ்ச் பெயரையோ ரன் வரிக்குள் நேராகச் செருகுவதும் அதே வகைதான்; அதில் ஒளித்து எழுதிய கட்டளை ஓடிவிடும். என்விரான்மென்ட் மாறியாக அனுப்பி, மேற்கோள்குறிக்குள் பயன்படுத்துங்கள்.

பிறர் எழுதிய ஆக்ஷனை (வொர்க்ஃப்ளோவில் சேர்க்கும் ஆயத்தப் படியை) டேக் பெயரால் அழைப்பதை நிறுத்துங்கள். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் ஆக்ஷனின் டேக்குகள் தீய கமிட் ஒன்றுக்குத் திருப்பப்பட்டன; அதைப் பயன்படுத்திய ரெப்போக்களின் சீக்ரெட்கள் லாக்கில் கொட்டின. பொது ரெப்போவின் லாக்கை கிட்ஹப் கணக்குள்ள எவரும் படிக்கலாம். முழு 40 எழுத்துக் கமிட் ஹேஷை (கமிட்டின் மாறாத அடையாளத்தை) குறித்து, பக்கத்தில் கமென்ட்டாகப் பதிப்பை எழுதினால் கிட்ஹப்பின் புதுப்பிப்புக் கருவியான டிபென்டாபாட் இரண்டையும் சேர்த்துப் புதுப்பிக்கும். வொர்க்ஃப்ளோவின் மேலே டோக்கன் அனுமதியைப் படிக்க மட்டும் என்று வைத்து, வெளியீடு செய்யும் ஜாப்புக்கு மட்டும் கூட்டுங்கள்.

மாற்று தேடினால்: கிட்லேப்பின் இலவச அடுக்கு மாதம் 400 நிமிடம், அதன் கட்டற்ற திட்டச் சலுகைக்கு விண்ணப்பித்தால் கூடுதல். சர்க்கிள்சிஐயில் விழுந்த ஜாப்புக்குள் எஸ்எஸ்எச் (தொலைக் கணினி இணைப்பு) மூலம் நுழைய முடிவது கிட்ஹப்பிடம் இன்றும் நேரடியாக இல்லாத வசதி. நீங்களே நிறுவி நடத்தும் ஜென்கின்ஸில் எல்லாம் உங்கள் கையில், பிளகின் மேம்படுத்தல்கள் உட்பட. சொந்த ரன்னரை கிட்ஹப் பொது ரெப்போவோடு இணைக்க நினைப்பவர்கள், எந்த ஃபோர்க்கும் அந்தக் கணினியில் கோடை ஓட்டக்கூடும் என்பதால் ஒவ்வொரு ஜாப்புக்குப் பிறகும் அழிக்கப்படும் மெய்நிகர் கணினியையே பயன்படுத்த வேண்டும். அதற்கு வசதியில்லையென்றால் இணைக்கவே வேண்டாம்.