பச்சை மூடி அஞ்சு, விலை 1,850 ரூபா: டயருக்கு நைட்ரஜன் அடிக்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

சனிக்கிழமை சாயங்காலம் போன காசு 1,850 ரூபா. இன்னிக்குத் திங்கள். இப்பத்தான் அந்த டயர் கடைக்காரர் என் ஆறாவது போனையும் எடுக்காம கட் பண்ணினார். அந்தக் கோவத்துலயே எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

கோயமுத்தூர்ல வளைகாப்பு முடிச்சுட்டு குன்னூர் திரும்பிட்டிருந்தோம். மேட்டுப்பாளையம் வந்தப்ப முன் டயர் ஒண்ணு லேசா அமுங்கின மாதிரி இருந்துச்சு. மலை ஏறணுமேன்னு, வீல் அலைன்மென்ட் எல்லாம் பாக்கற பெரிய டயர் கடையா பாத்து நிறுத்தினேன். பேர் வேண்டாம், வம்பு.

அவர் டயரைப் பாக்கல. வண்டிக்குள்ள எட்டிப் பாத்தார். பின் சீட்ல அம்மா, பக்கத்துல பையன். "குடும்பத்தோட மேல போறீங்களேங்ணா, சாதா காத்தை நம்பியா? குளிருக்குச் சுருங்கும், இறங்கறப்ப பிரேக் சூட்டுல வெடிக்கும். நைட்ரஜன்னா அசையாது." சொல்லிட்டே அம்மாவுக்கு வண்டிக்கே சுக்குக் காபி வரவெச்சார். அங்கதான் விழுந்தேன். எங்கம்மாவை யாராவது கவனிச்சுட்டா எனக்கு மூளை வேலை செய்யாது.

டயருக்கு 220, ஸ்டெப்னியோட 1,100. பழைய வால்வ்ல நைட்ரஜன் நிக்காதுன்னு புது வால்வ் அஞ்சு, 750. ஆக 1,850. உள்ள போய் நானும் ஒரு காபி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சு, வால்வ் தலையில நைட்ரஜன் அடிச்ச அடையாளமா பச்சை மூடி மினுக்குது. பையன், "அப்பா, அந்த மிஷின்ல லைட்டே எரியல"ன்னான். "அது ஆட்டோமேட்டிக் தம்பி"ன்னு சிரிச்சார் கடைக்காரர். நானும் பையனைத்தான் அதட்டினேன். காசை விட அதுதான் இப்ப சுடுது.

ஞாயித்துக்கிழமை காலைல அதே டயர் மறுபடி அமுங்கியிருக்கு. நம்ம ஊர் பஞ்சர் கடை அண்ணன் பச்சை மூடியைக் கழட்டி, விரல்ல எச்சில் தொட்டு வெச்சார். குமிழி. வால்வ் நடுவுல இருக்கற ஊசியை அமுக்கி என் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். ஈரம்! "நைட்ரஜன் உலர்ந்து வரணும். இது கம்ப்ரசர் டேங்க்ல நின்ன தண்ணி." வால்வை வளைச்சுக் காட்டினார், ரப்பர் சுத்தி வெடிப்பு, பழைய வால்வேதான். "மாத்தணும்னா வீலைக் கழட்டி டயரை ரிம்மை விட்டுப் பிரிக்கணும். ஜாக்கி போட்டாங்களா?" எங்க போட? அம்மா சீட்டை விட்டே இறங்கல!

போன் பண்ணினேன். மொத தடவை, ஓனர் சாப்பிடப் போயிருக்கார். ரெண்டாவது, "குன்னூர் குளிருக்கு அப்படித்தான் காட்டும்." சனிக்கிழமை அசையாதுன்னு சொன்னதும் இதே வாய்தான். மூணாவது, "நைட்ரஜன் இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க, மோந்து பாத்தீங்களா?" அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, அந்தத் தைரியம். வால்வைக் கேட்டதும் "கடைப் பையன் தப்பா போட்டிருப்பான், கீழ வர்றப்ப வாங்க." அப்புறம் எடுக்கவே இல்ல. 1915ங்கற நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுக்கலாம்னா கையில இருக்கறது "டயர் வேலை 1,850"னு எழுதின துண்டுச்சீட்டு.

ராத்திரி தூக்கம் வராம படிச்சேன். நாம சுவாசிக்கற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு விரியறது, குளிருக்குச் சுருங்கறது எல்லாம் சாதா காத்துக்கும் நைட்ரஜனுக்கும் ஒண்ணுதான். நைட்ரஜன் ரப்பர் வழியா கொஞ்சம் மெதுவா கசியும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான் லாபம். விமான டயருக்குப் போடறாங்க, சரி. என் வண்டி மலைப் பாதையில பர்லியார் தாண்டறதுக்கே மூச்சு வாங்குது. இன்னொண்ணு, மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறறப்ப குளிர்ல ரெண்டு பாயிண்ட் குறைஞ்சா, மேல வெளிக்காத்து அழுத்தம் கம்மிங்கறதால கேஜ்ல ரெண்டு பாயிண்ட் கூடிக் காட்டும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. குன்னூர் உயரம் 1,850 மீட்டர். மீட்டருக்கு ஒரு ரூபா வாங்கியிருக்கான்!

என்ன பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், பொறுமை போயிடுச்சு. வண்டியை விட்டு நகராதீங்க. வால்வ் மாத்தினா பழசைக் கையில வாங்குங்க. பழைய காத்தை முழுசா இறக்காம மேல மேல அடிச்சா அது சுத்த நைட்ரஜன் இல்ல. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கற காத்து அளவுப்படி இருக்கான்னு, டயர் ஆறி இருக்கறப்ப பாருங்க. பில்லு கேளுங்க. காபி குடிக்காதீங்க.

ஏழாவது தடவை அடிச்சுப் பாக்கறேன்.