பேநவ்–யுபிஐ: ஊருக்குப் பணம் அனுப்ப நான் பரிந்துரைக்கும் வழி

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் பேநவ்–யுபிஐ இணைப்பை (சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற இரண்டு உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளையும் சேர்க்கும் வசதி) இன்னும் தொடவில்லை என்றால் கட்டாயம் பயன்படுத்திப் பாருங்கள். சின்னத் தொகைகளுக்கு இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்காவில் (லிட்டில் இந்தியா) ரெமிட்டன்ஸ் கடை, அதாவது ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். கணக்கு எண், அப்புறம் வங்கிக் கிளையைக் குறிக்கும் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி, அதில் ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யமா ஆங்கில 'ஓ'வா என்று குழப்பம் (எப்போதும் பூஜ்யம்தான்), ஒரு எழுத்து மாறினாலும் பணம் எங்கே போச்சு என்று வாரக்கணக்கில் அலைச்சல். இங்கே அம்மாவின் யுபிஐ ஐடி இருந்தால் போதும். வங்கியில் பதிந்திருக்கிற பெயர் திரையில் வருகிறது, நம்ம ஆள்தானா என்று பார்த்துவிட்டு, எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்பதையும் பார்த்துவிட்டு அனுப்பினால், போனைக் கீழே வைப்பதற்குள் ஊரிலிருந்து 'வந்துடுச்சுப்பா' என்று அழைப்பு வந்துவிடுகிறது.

இது ஒரு செயலி நிறுவனம் தனியாகச் செய்த காரியம் இல்லை. இந்திய ரிசர்வ் வங்கியும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் சேர்ந்து, இரண்டு நாட்டு உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளையும் நேரடியாக இணைத்தார்கள். 2023 பிப்ரவரி 21 அன்று மோடியும் அப்போதைய சிங்கப்பூர் பிரதமர் லீ சியன் லூங்கும் காணொளியில் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு அமைப்புகளின் அப்போதைய தலைவர்களான சக்திகாந்த தாஸும் ரவி மேனனும் தங்கள் போனிலிருந்தே முதல் பரிமாற்றத்தைச் செய்தார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையே 2005இலேயே விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, 2024இல் உறவை இன்னும் ஒரு படி உயர்த்தினார்கள், அதெல்லாம் பெரிய விஷயம்தான், ஆனால் கம்பெனிகளுக்குப் புரிகிற அளவுக்கு நமக்குப் புரியாது. டாமிட்டரியில் (தொழிலாளர் விடுதி) தங்கியிருக்கிற ஒரு தம்பி கட்டிலில் உட்கார்ந்தபடியே தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட முடிகிறது பாருங்கள், நட்பு நாடு என்பதற்கு எனக்கு அதுதான் அர்த்தம்.

குறைகளும் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைதான் அனுப்பலாம். வீட்டுச் செலவுக்கு அது தாராளம், நிலம் வாங்கவோ கல்யாணத்துக்கோ அனுப்புவதென்றால் பழைய வழிதான். எதிர்த்திசையிலும், அதாவது இங்கே படிக்கிற பிள்ளைக்கு அப்பா ஊரிலிருந்து அனுப்புவதற்கும், நாளுக்கு 60,000 ரூபாய் என்ற வரம்போடுதான் தொடங்கினார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது வங்கிப் பட்டியல். தொடங்கியபோது இந்தியப் பக்கம் ஆறு வங்கிகள்தான், அதில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்ததால் நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பிரச்சினை வரவில்லை. 2025 ஜூலையில் கனரா, எச்டிஎஃப்சி, கரூர் வைஸ்யா உட்பட 13 வங்கிகள் சேர்ந்து மொத்தம் 19 ஆனது. நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்தில் அம்மா அப்பாவின் ஒரே கணக்கு கூட்டுறவு வங்கியிலோ கிராம வங்கியிலோ இருந்தால் இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை, பணம் அதிகம் தேவைப்படுவதே அந்த வீடுகளுக்குத்தான். சிங்கப்பூர்ப் பக்கமும் டிபிஎஸ் வங்கி, லிக்விட் குரூப் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் ஆகிய இரண்டோடுதான் ஆரம்பித்தார்கள். இரண்டு அரசுகளும் அடுத்து உட்கார்ந்து பேசும்போது முதலில் இதை எடுக்க வேண்டும்.

முதல் தடவை அனுப்பும் முன் வீட்டுக்குப் போன் போட்டு, யுபிஐயில் எந்த வங்கிக் கணக்கை இணைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள வங்கி என்றால் பத்து வெள்ளி அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் மிச்சத்தை அனுப்புங்கள்.